அரிசியில் குறை கண்டால்: அறிகுறியிலிருந்து வயல் வரை தேடிப் பார்க்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்களும் மறு பக்கம் கிரியான் வட்டார நெல் வயல்களும் இருக்கின்றன. வயல் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் 17 ஆண்டுகள் நெல் மாதிரி பார்க்கும் வேலை செய்துவிட்டு, இப்போது தோட்டப் பக்கத்தில் சிறிய மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள், "அண்ணே, போன மாசம் வாங்கின அதே பைதான், இந்தத் தடவை சோறு குழைஞ்சு போகுது" என்று ஒரு கைப்பிடி அரிசியைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். பானையில் தெரியும் குறை ஒன்றாக இருந்தாலும், அதன் வேர் நெல்லின் இரகத்திலோ, அது விளைந்த பருவத்திலோ, உலர்த்திய களத்திலோ, சேமித்த இடத்திலோ இருக்கலாம். இந்த நான்கில் எது என்று தெரியாமல் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதால் அரிசிதான் வீணாகிறது. இரகத்தின் குணத்தை நாம் மாற்ற முடியாது, அதற்கேற்பச் சமைக்கத்தான் முடியும். வயலில் நேர்ந்ததை அடுத்த பருவத்தில் விவசாயி திருத்தலாம். உலர்த்தலிலும் சேமிப்பிலும் நேர்வதை முழுவதுமாகத் தவிர்க்கலாம். ஆகவே அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லும் வகையில் இதை எழுதுகிறேன்.

எந்தக் குறையானாலும் முதலில் செய்ய வேண்டியது

அரிசியை ஊற வைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஒரு கறுப்புத் துணியின் மீது ஒரு கைப்பிடியைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததைப் போல, பொறுக்காமல், 100 மணிகளை எண்ணித் தனியே வைக்கவும். அவற்றில் முழு மணி எத்தனை, உடைந்தது எத்தனை, உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு உள்ளது எத்தனை, மஞ்சளோ கறுப்போ சிவப்போ படிந்தது எத்தனை என்று பிரிக்கவும். பிறகு கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால், முழுதாகத் தெரிந்த மணிகளிலும் குறுக்கே மயிரிழை போன்ற கீறல்கள் தென்படலாம். கடைசியாக, மூடிய கண்ணாடிப் புட்டியில் சிறிது நேரம் வைத்திருந்து திறந்து முகர்ந்து பார்க்கவும். ஐந்து நிமிட வேலைதான். ஆலையில் நாங்கள் செய்ததும் சாராம்சத்தில் இதுவே.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், கீழே உள்ள அறிகுறிகளில் பாதியை உடனே விலக்கிவிடலாம்.

சோறு குழைகிறது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அரிசியின் மாவுச்சத்து இரண்டு பொருள்களால் ஆனது: அமைலோஸ், அமைலோபெக்டின். அமைலோஸ் கூடக்கூடச் சோறு உதிரியாகும். குறையக் குறைய ஒட்டும். மலாய்க்காரர்களின் புலுட் என்னும் ஒட்டும் அரிசியில் அமைலோஸ் ஏறத்தாழ இல்லை, அதிகம் போனால் 2 விழுக்காடு. தாய்லாந்து மல்லிகை அரிசி போன்றவை 20 விழுக்காட்டிற்குக் கீழே உள்ள வகையைச் சேர்ந்தவை. பாசுமதி 20 முதல் 25 விழுக்காடு வரையிலான நடுத்தர வகை. 25-க்கு மேல் உள்ளவை, ஆறினால் விறைக்கும் உதிரிச் சோற்று வகைகள். இந்த அளவைப் பெரும்பாலும் இரகத்தின் மரபணுவே தீர்மானிக்கிறது. ஆனால் முழுவதுமாக அல்ல. பால் பிடித்த பிறகு மணி நிரம்பும் நாட்களில் வெப்பம் கூடுதலாக இருந்தால், குறைந்த, நடுத்தர அமைலோஸ் இரகங்களில் அது இன்னும் குறைகிறது. குளிர்ந்த பருவத்தில் கூடுகிறது. ஒரே இரகம், ஒரே வயல், இரு பருவம், இரு வகைச் சோறு என்பது இதனால் நடக்கக்கூடியதுதான்.

ஆகவே குழைவதைக் கண்டால் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும்.

மணிகள் முழுதாகவும் தெளிவாகவும் நீளமாகவும் இருந்து, மணமும் இருந்தால், அது குறைந்த அமைலோஸ் கொண்ட நறுமண இரகம் என்று கொள்ளலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு கோப்பைக்கு ஒரு கோப்பைத் தண்ணீர், அல்லது அதற்குச் சற்றே மேல், போதும். பொன்னி அரிசிக்கு ஊற்றும் தண்ணீரை இதற்கு ஊற்றினால் கூழாகத்தான் வரும். மணி முழுவதும் பால் போல வெண்மையாக, எந்த இடத்திலும் ஒளி ஊடுருவாமல் இருந்தால் அதில் புலுட் கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து, குறுக்கே வெட்டிய மணியின் மீது ஒரு சொட்டு விட்டால், சாதாரண அரிசி கருநீலமாகும், புலுட் செம்பழுப்பாகும். சோதித்த மணிகளை எறிந்துவிட வேண்டும்.

மணிகள் தெளிவாக இருந்தும் குழைந்தால், அது புது அரிசியா என்று கேட்க வேண்டும். அறுவடையான முதல் சில மாதங்களில் எந்த இரகமும் சற்று ஒட்டும். மூன்று முதல் ஆறு மாதம் சேமிப்பில் இருக்கும்போது அரிசியின் புரதமும் கொழுப்பும் மெல்ல மாற்றமடைந்து, மாவுச்சத்துத் துகள்களைச் சுற்றி இறுக்கம் தருகின்றன. அமைலோஸ் அளவு மாறாவிட்டாலும், சோறு அதிகத் தண்ணீர் இழுத்து, நன்றாகப் பருத்து, உதிரியாக வருகிறது. "பழைய அரிசி பானை நிறையும்" என்று தோட்டத்துப் பாட்டிமார் சொல்வது இதைத்தான். புது அரிசி என்றால் தண்ணீரைக் குறைக்கவும், ஊற வைக்க வேண்டாம், நன்கு அலசவும். திருமண மண்டபச் சமையல் போன்ற பெரிய அளவுக்குக் கஞ்சி வடித்தல்தான் நம்பகமானது. பிரியாணிக்குக் குறையாகிற இதே குணம் தைப்பொங்கலுக்கு நிறைவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்குப் பழைய பாசுமதியை வாங்கிச் செல்பவர்களை நான் தடுத்துப் புது உள்ளூர் அரிசியைக் கொடுப்பது வழக்கம்.

இரண்டும் இல்லை, ஆனால் 100-இல் உடைந்ததும் வெள்ளைத் திட்டு உள்ளதும் அதிகம் என்றால், அவைதான் காரணம். நொய்யும் திட்டு மணிகளும் முழு மணிக்கு முன்னரே வெந்து கரைந்து, மாவை வெளியே விட்டு, மற்றவற்றையும் ஒட்ட வைக்கின்றன. அதற்குக் கீழே வெள்ளைத் திட்டு, நொய் ஆகியவை பற்றிய இரு பகுதிகளைப் பார்க்கவும்.

சோறு விறைக்கிறது, நடுவில் நறுக்கரிசியாக நிற்கிறது

சூடாக இருக்கும்போது நன்றாக இருந்து, ஆறியதும் கல்லாகிறது என்றால், அது உயர் அமைலோஸ் இரகம். அமைலோஸ் இழைகள் ஆறும்போது மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்வதால் இது நேர்கிறது. சூடாகவே பரிமாறுவதும், மீந்ததை எலுமிச்சைச் சோறாக்கி மறுபடி சூடு காட்டுவதும் தவிர வழியில்லை. இட்லிக்கோ இத்தகைய அரிசியே ஏற்றது.

சூடாக இருக்கும்போதே நடு வேகாமல் நின்றால் விஷயம் வேறு. மாவுச்சத்து வேகத் தொடங்கும் வெப்பநிலை இரகத்துக்கு இரகம் மாறும்: சிலவற்றுக்கு 70 டிகிரிக்குக் கீழே, சிலவற்றுக்கு 74 டிகிரிக்கும் மேலே. மணி நிரம்பும் காலம் வெப்பமாக இருந்தால் அதே இரகத்திலும் இந்த வெப்பநிலை உயர்கிறது. வேகும் நேரமும் நீள்கிறது. கதிர் வெளிவரும் தருணத்தில் யூரியாவைக் கூடுதலாக இட்டிருந்தால் மணியில் புரதம் ஏறி, தண்ணீர் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்துகிறது. சமையலறையில் தீர்வு எளிது: 30 நிமிடம் ஊற வைத்து, சோறு வெந்த பிறகு மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் விட வேண்டும். தண்ணீரை மட்டும் கூட்டினால் வெளிப்புறம் குழைந்து உள்ளே நறுக்கரிசியாகவே நிற்கும்.

மணிக்குள் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு

"சுண்ணாம்பு கலந்திருக்கிறார்கள்", "நெகிழி அரிசி" என்றெல்லாம் பயந்து வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இந்தத் திட்டு வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளே இல்லாமல் போனதன் அடையாளம் என்பதே. நல்ல மணியில் மாவுச்சத்துத் துகள்கள் பலகோண வடிவில் இடைவெளியின்றி நெருங்கி அடுக்கியிருக்கும், ஒளி ஊடுருவும். நிரம்பும்போது சத்து வந்து சேர்வது தடைப்பட்டால், துகள்கள் உருண்டையாகத் தளர்ந்து நிற்கும். இடையில் காற்று தங்கும். அந்தக் காற்றே ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டுகிறது. உண்பதால் தீங்கு இல்லை. ஆனால் அந்த இடம் பலவீனமானது, ஆலையில் அங்கேதான் மணி முறிகிறது.

திட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். கரு இருக்கும் பக்கத்து வயிற்றுப் பகுதியில் உள்ள வெண்மையில் இரகத்தின் பங்கு பெரிது. அகலமான மணி கொண்ட இரகங்களில் அது கூடுதலாகக் காணப்படும். நடுவில் பால் போன்று பரவியிருந்தால், மணி நிரம்பத் தொடங்கி வேகம் பிடித்த நாட்களில் கடும் வெப்பமோ மேகமூட்டத்தால் வெயில் குறைவோ இருந்திருக்கும். முதுகிலும் அடியிலும் இருந்தால் நிரம்பும் காலத்தின் பிற்பகுதியில் வெப்பம் தாக்கியிருக்கும், அல்லது அந்தச் சமயத்தில் பயிருக்குத் தழைச்சத்து தீர்ந்துபோயிருக்கும்.

வெப்பம் இதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை ஜப்பானியர்கள் வேதனையோடு கற்றிருக்கிறார்கள். அங்குள்ள இரகங்களுக்கு மணி நிரம்பும் நாட்களின் சராசரி வெப்பம் 26, 27 டிகிரியைத் தாண்டினாலே திட்டு கூடுகிறது. 2023-இன் கடுங்கோடையில், பெயர் பெற்ற நீகாத்தா மாநிலத்தின் கோஷிஹிகாரி அரிசியில் முதல்தரம் பெற்ற பங்கு வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது. விதை மாறவில்லை, விவசாயி மாறவில்லை, வானிலைதான் மாறியது. நம் தாழ்நிலத்திலோ ஆண்டு முழுவதுமே சராசரி 27 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதைத் தாங்கும்படி தெரிவு செய்யப்பட்ட வெப்பமண்டல இரகங்கள்தாம் இங்கே விளைகின்றன என்றாலும், இரவுகள் புழுங்கும் பருவத்தில் அவற்றிலும் திட்டு ஏறுவதை மாதிரித் தட்டில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பகலில் இலை தயாரித்த சத்தை இரவு வெப்பத்தில் பயிர் தன் சுவாசத்துக்கே கூடுதலாகச் செலவழித்துவிடுகிறது. மணிக்குப் போக மீதம் குறைகிறது.

கிரியானில் இதைத் திருத்த விவசாயியின் கையில் இருப்பவை சில. 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு திறக்கப்பட்ட பாசனத் திட்டம் இங்கே இருப்பதால் தண்ணீர்தான் முதல் கருவி. அறுவடை இயந்திரம் புதையாமல் இருக்க வேண்டும் என்று வயலை முன்கூட்டியே வடித்துவிடுவது பெரிய தவறு. அறுவடைக்குப் 10 முதல் 14 நாள் முன்பு வரை மண் ஈரம் இருக்க வேண்டும். வேர் காய்ந்தால் கடைசியாகப் பூத்த கீழ்க்கதிர் மணிகள் நிரம்பாமல் வெண்மையாகவோ பதராகவோ நின்றுவிடும். விதையை அளவுக்கு மீறி அடர்த்தியாகத் தெளிப்பதும் அதே விளைவைத் தருகிறது: தூர்கள் கூடும், ஒவ்வொரு கதிருக்கும் கிடைக்கும் சத்து குறையும். விதைக்கும் தேதியை வட்டாரத்தோடு சேர்ந்து சில வாரம் நகர்த்தி, நிரம்பும் காலம் உச்ச வெப்பத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது, தனி ஒருவர் செய்ய முடியாததாயினும், எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது என்பது என் எண்ணம். பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் திட்டு மட்டுமல்ல, மகரந்தமே பலனற்றுப்போய்ப் பதர் கூடும் என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

வீட்டில் இந்த அரிசியை எறிய வேண்டியதில்லை. ஊற வைக்காமல், தண்ணீரைச் சற்றுக் குறைத்து ஆக்கவும். கஞ்சிக்கும் தோசை மாவுக்கும் இது தாராளமாகப் பயன்படும்.

பையில் நொய் அதிகம்

முதலில் பையின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கவும். உள்ளூர் வெள்ளரிசிப் பையில் 'சூப்பர் ஸ்பெஷல் தெம்பாத்தான் 5 விழுக்காடு' என்று இருந்தால் அந்த 5 என்பது உடைந்த அரிசியின் பங்கைக் குறிக்கிறது. 10 என்றால் அவ்வாறே. எண்ணிப் பார்த்ததில் அதை வெகுவாகத் தாண்டியிருந்தால் கடைக்காரரிடம் கேட்பதில் தவறே இல்லை. நான் கடைக்காரனாகவே சொல்கிறேன்.

அரிசி ஆலையில்தான் உடைகிறது, ஆனால் பெரும்பாலும் ஆலைக்கு வருமுன்பே கீறல் விழுந்துவிட்டது. இதை விவசாயிகள் நம்புவது கடினம். ஒரு பருவத்தில் அறுவடை வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இயந்திரம் வரத் தாமதமானது. முற்றிய கதிர் பகலில் வெயிலில் காய்ந்தும் இரவில் பனியிலும் தூறலிலும் நனைந்தும் பத்து நாளுக்கு மேல் நின்றது. பிறகு கொண்டுவந்த நெல் பார்வைக்குப் பொன்னாக இருந்தது, பதர் இல்லை, புள்ளி இல்லை; உமி நீக்கிப் பார்த்தபோது முழு அரிசி மிகக் குறைவு. ஆலைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அந்த விவசாயி கண் கலங்கிப் பேசியது இன்றும் எனக்கு மறக்கவில்லை. அவர் நெல்லையே எடுத்து, உமியைக் கையால் உரித்து, விளக்கொளியில் குறுக்குக் கீறல்களைக் காட்டிய பிறகுதான் அமைதியானார். அமைதியானாரே தவிர, ஆறுதல் அடைந்தாரா என்று சொல்ல மாட்டேன்.

நடப்பது இதுதான். மணியின் ஈரப்பதம் சுமார் 15, 16 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கியபின் அது மறுபடி நனைந்தால், வெளிப்புறம் உடனே விரிய, உள்ளே இன்னும் காய்ந்திருக்க, இழுபறியில் நடுவே விரிசல் விழுகிறது. இதைத் தாங்கும் சக்தி இரகத்துக்கு இரகம் மாறுபடும். நீண்டு மெலிந்த மணிகளும் திட்டு மணிகளும் எளிதில் முறியும். ஆகவே பூத்து 30 முதல் 35 நாளில், ஈரப்பதம் 20 முதல் 25 விழுக்காட்டிற்குள் இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். "நன்றாகக் காயட்டும், ஆலையில் ஈரத்துக்குப் பிடித்தம் குறையும்" என்று வயலில் விட்டுவைப்பவர், மிச்சப்படுத்துவதைவிட அதிகமாக நொய்யில் இழக்கக்கூடும்.

உலர்த்தும் இடத்திலும் அதே இழுபறி எதிர்த்திசையில் நடக்கிறது. அனல் காற்றை அதிகச் சூட்டில் செலுத்தி விரைவாக இறக்கினால் வெளிப்புறம் சுருங்கி உட்புறம் ஈரமாகவே நிற்கும். சூடு 43 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். இடையிடையே நிறுத்தி, உள் ஈரம் வெளியே வர நேரம் கொடுத்து, 14 விழுக்காட்டிற்குக் கொண்டுவர வேண்டும். உலர்த்தியதும் எண்ணிப் பார்க்காமல், ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான கீறல் தெரியும். தார்ச்சாலையில் நெல்லைக் காயப்போடும் வழக்கம் இன்னும் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். ஈரமானி இல்லாதவர்கள், நன்கு காய்ந்த உப்பையும் நெல்லையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் வைத்துப் பார்க்கலாம்; உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டிற்கு மேல்.

திட்டையும் கீறலையும் ஒருசேரக் குணப்படுத்தும் ஒரே வழி நெல்லைப் புழுக்குவது. ஊற வைத்து ஆவியில் வேக வைக்கும்போது மாவுச்சத்து இளகி, கீறலும் காற்று இடைவெளியும் அடைபட்டு, மணி கண்ணாடி போல் இறுகுகிறது. தவிட்டில் உள்ள பி1 சத்தும் உள்ளே இறங்குகிறது. இந்த நாட்டுத் தோட்டங்களின் வரலாறே இதற்குச் சாட்சி: 1900-களின் தொடக்கத்தில், இந்தச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, சியாமின் தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் மடிந்தார்கள், புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அந்நோய் அரிதாக இருந்தது. மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1907 முதல் மருத்துவ ஆய்வாளர்கள் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தொழிலாளர்களுக்கு இரு வகை அரிசியையும் கொடுத்துப் பார்த்து, குற்றம் தீட்டிய அரிசியில் இருப்பதை உறுதி செய்தார்கள்.

மணம் இல்லை

நறுமண அரிசியின் வாசனைக்கு முதன்மைக் காரணமான பொருள் 2-அசெட்டைல்-1-பைரோலின். ரம்பை இலையின் வாசனையும் இதுவே. ஆகையால்தான் மணமற்ற அரிசியில் ரம்பை இலை போட்டால் ஏறத்தாழ அதே வாசனை வருகிறது. இந்தப் பொருள் சேர்வதற்கு ஒரு மரபணு செயலிழந்திருக்க வேண்டும். அது இரகத்தின் கொடை. அது இல்லாத இரகத்துக்கு எந்த மண்ணும் மணம் தராது. ஆனால் இருக்கும் இரகத்திலும் எவ்வளவு சேரும் என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது. தாய்லாந்தில் 1959-இல் பரிந்துரைக்கப்பட்ட காவ் டாக் மாலி 105 என்னும் இரகம், வடகிழக்கின் மணல் கலந்த ஏழை மண்ணில், மழையை நம்பி வளர்ந்து, பருவக் கடைசியில் சற்று வறட்சியைத் தாங்கி, நவம்பர் குளிரில் முற்றும்போதுதான் தன் முழு மணத்தைத் தருகிறது. பாசுமதிக்கும் இமயமலை அடிவாரச் சமவெளியின் குளிரும் இலையுதிர் காலம்தான் வேண்டும். நம் நாட்டிலேயே பார்த்தால், சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்தில் 1,000 மீட்டர் உயரத்தில் விளையும் பாரியோ அரிசியைத் தாழ்நிலத்துக்கு இறக்கினால் அது அதே அரிசியாக இருப்பதில்லை. மலேசிய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி வெளியிட்ட எம்.ஆர்.கியூ. 74, எம்.ஆர்.கியூ. 76 ஆகிய நறுமண இரகங்களை வாங்குகிறவர்கள் அவற்றை வடகிழக்குத் தாய்லாந்து அரிசியோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை. இந்த வெப்பத்தில் அவை தருவதே நல்ல பலன்.

மணம் ஆவியாகக்கூடியது. அதிகச் சூட்டில் உலர்த்தினாலும், நாள்பட வைத்தாலும் குறைந்துகொண்டே போகும். இங்கே ஓர் முரண்பாடு உண்டு: உதிரியாக வர அரிசி பழையதாக வேண்டும், மணக்க வேண்டுமானால் புதியதாக வேண்டும். இரண்டையும் ஒரே பையில் எதிர்பார்க்காமல், எது முக்கியம் என்று முடிவு செய்துகொண்டு வாங்க வேண்டும். நறுமண அரிசியைக் காற்றுப் புகாமல் மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வைக்கவும்.

நிறம் மாறிய மணிகள்

மணி முழுவதும் சீராக மஞ்சளாக இருந்தால், ஈர நெல் உலராமல் குவியலாகக் கிடந்து தனக்குள்ளேயே சூடேறியதன் அடையாளம். அறுவடை நெரிசலில் லாரி ஓரிரவு வரிசையில் நின்றாலே தொடங்கிவிடும். பூஞ்சண வாடையும் சேர்ந்திருந்தால் அதைக் கழுவிச் சாப்பிட முயல வேண்டாம், விலக்கிவிடவும்.

சிறு கரும்புள்ளியும் அதைச் சுற்றிப் பழுப்பும் இருந்தால், பால் பிடிக்கும் பருவத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி, மலாயில் பியாங்காங் எனப்படுவது, உறிஞ்சிய துளை வழியே பூஞ்சணம் புகுந்திருக்கும். உமியிலேயே பழுப்புப் புள்ளிகள் நிறைய இருந்தால் செம்புள்ளி நோயை நினைக்க வேண்டும். சாம்பல் சத்து குறைந்த மண்ணில் அது அதிகம், மருந்தைவிட உரத்தைச் சரிசெய்வதே முதல் வேலை. பச்சை மணிகள், ஒரே வயலில் கதிர்கள் முன்னும் பின்னுமாக முற்றியதைக் காட்டுகின்றன. தழைச்சத்து அதிகமாகிப் பிந்திய தூர்கள் கிளம்பியிருக்கும்.

சிவப்புக் கோடு உள்ள மணிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவை பாடி ஆங்கின் என்னும் களை நெல்லின் மணிகள். 1980-களின் பிற்பகுதியில் நாற்று நடவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறிய பிறகு இது நம் வயல்களில் பரவியது. நெல்லைப் போலவே இருப்பதால் பயிராக வளரும்வரை பிரித்தறிவது கடினம், முற்றுமுன் உதிர்ந்து மண்ணில் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். சிவப்பைப் போக்க ஆலை கூடுதலாகத் தீட்ட வேண்டியிருப்பதால் நல்ல மணிகளும் உடைகின்றன. களைக்கொல்லியைத் தாங்கும் எம்.ஆர். 220 சி.எல்.2 இரகம் 2010-இல் இதற்காகத்தான் வந்தது. ஆனால் அதை இடைவிடாமல் விதைத்தால் களையும் அதே தாங்கும் சக்தியைப் பெற்றுவிடும். ஆகவே இரகத்தை மாற்றிமாற்றி விதைப்பதும் சான்று பெற்ற விதையையே வாங்குவதும் கட்டாயம்.

வண்டும் சிக்கு வாடையும்

கூன்வண்டு மணிக்குள்ளேயே முட்டையிடுவதால், வாங்கிய அன்று தெரியாமல் சில வாரத்தில் வெளிவரும். சிறு பைகளை நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் முட்டையும் சாகும். சிக்கு வாடை தவிட்டுக் கொழுப்பு கெட்டதால் வருவது. தீட்டாத அரிசியில் விரைவாகவும், சரியாகத் தீட்டாத வெள்ளரிசியில் மெதுவாகவும் வரும். அதற்கு மருந்தில்லை, சிறு அளவாக வாங்குவதே வழி.

பெயர் அதே, சோறு வேறு

பையின் பெயர் வணிகப் பெயர், இரகத்தின் பெயரன்று. ஒரே பெயருள்ள பைக்குள் இந்தப் பருவம் ஓர் இரகமும் அடுத்த பருவம் வேறொன்றும், சில வேளை இரண்டின் கலவையும் இருக்கும். கலவை என்றால் ஒன்று வேகும்போது மற்றொன்று வேகாது. துணியில் பரப்பிப் பார்த்தால் மணியின் நீளமும் பருமனும் இரண்டு விதமாகத் தெரியும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது வாடிக்கையாளர் பலருக்குப் பழகிய அரிசி கிடைக்காமல், கிடைத்ததை வாங்கி, கிடைத்த சோற்றைக் கண்டு மனம் வருந்தியதை நான் கடையில் நின்று பார்த்தேன்.

பொன்னி அரிசியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிற பொன்னிதான் வேண்டும், உள்ளூர் அரிசி ஆகாது என்பவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது, அது இங்கிருந்து போனது என்பதைத்தான். தைவானின் தைச்சுங் 65 என்ற இரகத்தையும் இந்த நாட்டின் மாயாங் எபோஸ் 80 என்ற இரகத்தையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த மாசூரி 1965-இல் மலேசியாவில் வெளியானது. அது தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி ஆனது; அதிலிருந்து தெரிவு செய்யப்பட்ட வெள்ளைப் பொன்னி 1986-இல் வெளிவந்தது; ஆந்திரத்தின் சம்பா மாசூரியும் அதே வழித்தோன்றல்தான். இங்கோ மாசூரியின் இடத்தைக் குறுகிய வயதும் அதிக விளைச்சலும் கொண்ட எம்.ஆர். வரிசை இரகங்கள், குறிப்பாக 2001-இல் வந்த எம்.ஆர். 219, எடுத்துக்கொண்டன. ஆக, நாம் விரும்பும் பொன்னிச் சோற்றில் ஒரு பங்கு இந்த மண்ணின் மரபு, ஒரு பங்கு காவிரிக் கரையின் பருவம், மீதி புழுக்கலும் பழமையும். உள்ளூர் அரிசியை அந்தச் சோறாக மாற்ற முயல்வதைவிட, அதற்குரிய தண்ணீரைக் கண்டுபிடிப்பது நல்லது.

அதற்கு நான் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. புதுப் பை ஒவ்வொன்றைத் திறந்ததும் ஒரு கோப்பை அரிசியை மட்டும் எடுத்து, ஒன்றேகால் கோப்பைத் தண்ணீரில் தனியே ஆக்கிப் பார்க்கவும். புழுங்கலரிசி என்றால் இரண்டரைக் கோப்பையில் தொடங்கவும். சூட்டில் ஒரு வாயும், இரண்டு மணி நேரம் கழித்து ஆறியபின் ஒரு வாயும் சாப்பிட்டுப் பார்த்து, குழைந்தால் கால் கோப்பை குறைத்தும், விறைத்தால் கால் கோப்பை கூட்டியும் மறுநாள் ஆக்கவும். சரியாக வந்த அளவையும், வாங்கிய தேதியையும், 100 மணியில் உடைந்ததும் திட்டும் எத்தனை என்பதையும் மையால் பையின் மேலேயே எழுதி வைத்தால், அடுத்த பை வரும்போது ஒப்பிடுவதற்கு உங்களிடமே ஒரு மாதிரிப் பதிவு இருக்கும்; குறை சொல்லக் கடைக்கு வரும்போது அந்தப் பையையும் கொண்டுவாருங்கள்.